ஒரு பூனையின் குலமும் குணமும்

பழகுவதற்கு முன்பே ஒருவரைப் பற்றி முடிவு செய்துவிடும் பழக்கம் மனிதருக்கு மிக எளிதில் வாய்த்துவிடுகிறது. நிறம், பெயர், பேசும் மொழி, பிறந்த ஊர் என்பவற்றுள் ஒன்று தெரிந்தாற் போதும்; மிகுதியை மனம் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். விலங்குகளையும் மனிதன் பெரும்பாலும் இவ்வாறே அறிகிறான். வெள்ளவத்தைக் கால்வாய்க்கு அண்மையில், கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றிலுள்ள தொடர்மாடிக்கு 2025ஆம் ஆண்டில் வந்துசேர்ந்த ஒரு பூனையின் வரலாறு இதற்கு நல்ல சான்றாகும்.

அத்தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர் மகன் குடும்பத்தோடு வாழ்ந்து வருகிறார். எண்பதை அணுகும் வயது. மகனும் மருமகளும் வேலைக்கும், பேர்த்தி பல்கலைக்கழகத்துக்கும் சென்றபின், பகல் முழுவதும் வீட்டில் இருப்பவர் அவர் ஒருவரே. பேர்த்தியின் தோழியொருத்தியின் குடும்பம் கொட்டாஞ்சேனையிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர நேர்ந்தபோது, அவர்கள் வளர்த்த பூனையைப் பொறுப்பேற்க ஆள் தேவைப்பட்டது. பேர்த்தி வீட்டாரைக் கேளாமலே சம்மதித்துவிட்டாள். ஒருநாள் மாலை, முச்சக்கரவண்டியொன்றில், பிரம்புக் கூடையொன்றினுள் அது வந்து இறங்கியது.

கூடையைத் திறந்தபோது வெளிப்பட்டதைப் பூனை என்று சொல்ல ஆசிரியரின் நா எழவில்லை. பொன்னிறத் தோல், அதன்மீது கரும் ஓரமும் மங்கிய நடுவும் கொண்ட வளையப் புள்ளிகள், நீண்ட உடல், தாழ்ந்த தோள், அடிவைத்து நடக்கையில் தலையைத் தாழ்த்திப் பார்க்கும் பார்வை. வில்பத்துக் காட்டிற் காணும் சிறுத்தையை யாரோ சுருக்கி வீட்டுக்குள் விட்டதுபோல் இருந்தது.

"இதுக்கு என்ன பேர்?" என்று அவர் கேட்டார்.

"புலிக்குட்டி, அப்பப்பா. கொட்டாஞ்சேனைப் பிள்ளையள் வச்ச பேர்."

ஆசிரியர் எழுந்து சென்று யன்னலைச் சாத்தினார். "பிள்ளை, அந்தச் சொல்லை உரத்துச் சொல்லாதை" என்றார்.

இவ்வச்சத்தை இன்றைய இளையோர் வேடிக்கையாகக் கருதலாம். ஆயினும் அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1983 யூலையில், பற்றியெரிந்த வீதியொன்றினூடாகக் கைக்குழந்தையோடு அகதி முகாமுக்கு நடந்தவர் அவர். பின்னர் வடக்கே சென்று, மீண்டும் கொழும்புக்குத் திரும்பி, வீட்டிலுள்ளோரின் பெயர்களைப் பொலிசாரிடம் பதிந்து, அப்பதிவுத்தாளை அடையாள அட்டையோடு சேர்த்து மடித்து வைத்துக்கொண்டே பல்லாண்டுகளைக் கழித்தவர். சோதனைச் சாவடிகளில் அட்டையிலுள்ள பிறந்த இடத்தைப் படித்த கண்கள் உடனே நிமிர்ந்து அவரது முகத்தைப் பார்த்த விதம் அவருக்கு மறக்கவில்லை. 2007 யூன் 7ஆம் திகதி, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா நோக்கி அனுப்பப்பட்டனர்; மறுநாளே உயர் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது. அன்று ஏற்றப்பட்டவர்களுள் அவரது பழைய மாணவன் ஒருவனும் இருந்தான். அக்காலத்தில் அவ்வீட்டில் விலங்குகளைப் பற்றிய பாடம் நடந்தாற்கூட, சிங்கத்துக்கு அடுத்துவரும் விலங்கின் பெயர் குரல் தாழ்த்தியே சொல்லப்பட்டது.

இத்தீவின் காடுகளில் இன்று வரிப்புலி இல்லை. இங்குள்ள தமிழர் புலி என வழங்குவது பெரும்பாலும் சிறுத்தையையே ஆகும். 1956இல் பி. ஈ. பி. தெரணியகல இலங்கைச் சிறுத்தையைத் தனி உபவினமாக விவரித்தபோது, அதற்கிட்ட விஞ்ஞானப் பெயரில் 'கொட்டியா' என்ற சிங்களச் சொல்லே இடம்பெற்றது. பிற்காலத்தில் அச்சொல்லும் அதன் தமிழ்ச் சொல்லும் அடைந்த பொருளை அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது. போர் 2009இல் முடிந்தது. சொல்லுக்குள் இருந்த நடுக்கம் மட்டும் ஆசிரியரிடம் எஞ்சி நின்றது. பூனையை ஒரு கிழமைக்குள் வேறெங்காவது சேர்ப்பிக்க வேண்டும் என்று அவர் கண்டிப்பாகக் கூறிவிட்டார்.

ஆனால் அந்தக் கிழமை முழுவதும் பூனையோடு தனித்திருக்க நேர்ந்தவர் அவரே. முதல் இரண்டு நாட்கள் அது அலுமாரியின் உச்சியிலிருந்து இறங்கவில்லை. அவரும் நாற்காலியை விட்டு எழவில்லை. மூன்றாம் நாள், குளியலறையிலிருந்து நீர் சிந்தும் ஓசை கேட்டுச் சென்று பார்த்தபோது, அது வாளியின் விளிம்பில் நின்று முன்னங்காலால் நீரைத் தட்டித் தட்டி அலையெழுப்பி, அவ்வலையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. நீரைக் கண்டால் ஒதுங்கும் பூனைகளையே அறிந்த ஆசிரியருக்கு இது வியப்பாயிற்று. நாலாம் நாள், அவர் எறிந்த காகித உருண்டையைக் கவ்விவந்து அவரது காலடியில் வைத்துவிட்டு, மறுபடியும் எறியுமாறு அவரது முகத்தைப் பார்த்தது. ஐந்தாம் நாள், பழைய மாணவர் எவரிடமோ தொலைபேசியில், "அது நல்லாய்க் கதைக்கும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்ததைப் பேர்த்தி கேட்டாள். உண்மையில் அதன் குரல் சாதாரணப் பூனையின் குரலிலும் கனத்தது. பசிக்கு ஒன்று, கதவைத் திறப்பதற்கு ஒன்று, தனிமைக்கு ஒன்று என வேறுபட்டது.

கொட்டாஞ்சேனையிலிருந்து கூடையோடு வந்த பத்திரமொன்றில் அதன் தாய் தந்தையர் விபரமும், 'பெங்கால்' என்ற குலப்பெயரும் எழுதப்பட்டிருந்தன. வாழ்நாள் முழுவதும் பிறப்புரிமையியல் படிப்பித்தவருக்கு அதற்குமேல் சும்மா இருத்தல் இயலாதாயிற்று. பேர்த்தி நூல்களையும் கட்டுரைகளையும் தேடிக் கொடுக்க, இருவருமாக அப்பூனையின் குலவரலாற்றைப் படிக்கத் தொடங்கினர்.

வங்காளப் பூனை எனத்தக்க இவ்வினம் வங்காளத்திற் பிறந்ததன்று. ஆசியக் காடுகளில் வாழும் சிறுத்தைப் பூனைக்கு 1792இல் 'பெங்காலென்சிஸ்' எனப் பெயரிடப்பட்டது. அப்பெயரே சுருங்கி இனத்தின் பெயராயிற்று. சிறுத்தைப் பூனை இலங்கையில் இல்லை, இந்தியா முதலாகக் கிழக்காசியா வரை பரந்து வாழ்வது, உருவில் வீட்டுப்பூனையளவே. அமெரிக்காவின் கலிபோர்ணியாவைச் சேர்ந்த ஜீன் மில் என்னும் பெண்மணி 1963இல் தம்மிடமிருந்த சிறுத்தைப் பூனையொன்றிலிருந்தும் வீட்டுப்பூனையொன்றிலிருந்தும் முதற் கலப்புக்குட்டியைப் பெற்றார். இடையில் நின்றுபோன அம்முயற்சி 1980இல் மீண்டும் தொடங்கியது. பூனைகளைத் தாக்கும் ஒருவகைக் குருதிப் புற்றுநோயைச் சிறுத்தைப் பூனை எதிர்த்து நிற்குமா என்பதை ஆராய்ந்த வில்லர்ட் சென்டர்வோல் என்ற விஞ்ஞானி, ஆய்வுக்கெனப் பிறப்பித்த கலப்புக்குட்டிகள் சிலவற்றை அவருக்கு வழங்கினார். 1986இல் சர்வதேசப் பூனைச் சங்கம் இதனைப் புதிய இனமாகப் பதிவு செய்தது. 1991இல் போட்டிகளிற் பங்குபெறும் தகுதியும் வழங்கியது.

கலப்புப்பிறப்புக்களின் இடரை ஆசிரியர் கோவேறு கழுதையைக் கொண்டே வகுப்பில் விளக்குவது வழக்கம். குதிரைக்கு 64 நிறமூர்த்தங்கள், கழுதைக்கு 62. கோவேறு கழுதைக்கு 63. இணைசேராத கணக்கு மலட்டுத்தன்மையில் முடிகிறது. வீட்டுப்பூனைக்கும் சிறுத்தைப் பூனைக்குமோ நிறமூர்த்தங்கள் ஒரே தொகை, 38. ஆயினும் இரண்டின் வழிகளும் ஆறு மில்லியன் ஆண்டுகள் அளவில் பிரிந்திருந்தமையால், முதற் தலைமுறைகளிற் பிறக்கும் கடுவன்கள் மலடாகவே உள்ளன. பெட்டைகள் மட்டுமே ஈனுகின்றன. கலப்பிற் பிறந்த ஒரு பாலே பாதிக்கப்படுமாயின், அது பெரும்பாலும் வேறுபட்ட இலிங்க நிறமூர்த்தங்களையுடைய பாலாகவே இருக்கும் என்பது 1922இல் ஜே. பி. எஸ். ஹோல்டேன் வகுத்த விதி. பிற்காலத்தில் இந்தியாவை நாடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் மறைந்த அதே ஹோல்டேன்தான். ஐம்பதாண்டுக்கு முன் கரும்பலகையில் எழுதிய விதி இன்று தம் மடிமீது உறங்குகிறது என்று ஆசிரியர் பேர்த்தியிடம் கூறினார். பூனை அதற்குள் மடிக்கு வந்துவிட்டது என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

மலட்டுக் கடுவன்களின் காரணமாக, ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்புப் பெட்டையை வீட்டுக் கடுவனோடே சேர்க்க வேண்டியிருந்தது. அதற்கேற்ற அழகிய கடுவன் ஒன்றை ஜீன் மில் 1982இல் கண்டெடுத்த இடம் புதுடில்லி மிருகக்காட்சிச்சாலை. அங்கு காண்டாமிருகக் கூட்டினுள் உரிமையாளரின்றித் திரிந்த தெருப்பூனை அது. செம்பொன் நிறமும் கரும் பழுப்புப் புள்ளிகளும் கொண்டது. அதனை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்று இவ்வினத்தின் மூதாதைகளுள் ஒன்றாக்கினார். இன்று உலகெங்கும் பெரும் விலைக்கு விற்கப்படும் பல பூனைகளின் பொன்மினுக்கம், டில்லித் தெருவில் யாரும் ஏறெடுத்துப் பாராத ஒரு பூனையிடமிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. இலங்கைத் தெருப்பூனைக்கும் இத்தகைய ஏற்றம் கிட்டியதுண்டு. 1984இல் இங்கு வந்த இத்தாலிய மிருக வைத்தியர் ஒருவர், தெருவில் திரிந்த சில பூனைகளைத் தம் நாட்டுக்கு எடுத்துச்சென்று வளர்த்ததன் பயனாகச் 'சிலோன் பூனை' என்ற இனம் உருவாயிற்று.

இவற்றினும் வியப்பானதொரு செய்தி 2024இல் வெளியான ஆராய்ச்சியொன்றிற் கிடைத்தது. 900க்கு மேற்பட்ட வங்காளப் பூனைகளின் பரம்பரைப் பொருளை அமெரிக்க ஆய்வாளர் பகுத்துப் பார்த்தனர். அவற்றில் சிறுத்தைப் பூனையிலிருந்து வந்த பங்கு சராசரியாக நூற்றுக்கு நான்கிலும் குறைவு. அதுமட்டுமன்று: காட்டுத்தோற்றத்தைத் தருகின்ற இயல்புகளிற் பெரும்பாலானவை அச்சிறு பங்கிலிருந்து வரவில்லை. அவை வீட்டுப்பூனைகளிடையே ஏற்கெனவே அங்குமிங்கும் கிடந்த பரம்பரையலகுகள். வளர்ப்போர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்ததனால் ஓரிடத்தில் திரண்டவை. காட்டைத் தேடிச் சென்றோர் கண்டெடுத்தது பெரும்பாலும் வீட்டையே.

பேர்த்தி இதனைப் படித்ததும் மிகுந்த உவகை கொண்டாள். "பாத்தீங்களே அப்பப்பா! நூறிலை நாலு கூட இல்லை. இது சும்மா வீட்டுப்பூனைதான். இனி என்ன பயம்?"

ஆசிரியர் உடனே மறுமொழி கூறவில்லை. அன்றிரவு உணவுக்குப்பின் அவர் சொன்னவை பேர்த்தியின் மனத்திற் பலநாள் நின்றன.

"நாலு பங்குக்குக் குறைவு எண்டபடியால் இது குற்றமில்லாதது எண்டு சொல்லுறாய். சரி, ஐம்பது பங்காய் இருந்தால்? அப்ப குற்றமோ? என்னை மறிச்சவங்களும் பங்குதான் கேட்டவங்கள், பிள்ளை. எங்கை பிறந்தனீ, எத்தினை வருசம் அங்கை இருந்தனீ, ஆர் சொந்தம் எண்டு. நான் கொழும்பிலை படிப்பிச்ச வருசங்களைக் கூட்டிச் சொல்லி என்னைக் காப்பாற்றிக்கொண்டன். அண்டைக்கு அது உதவினது. ஆனால் அது நியாயமில்லை. கூட்டிச் சொல்ல வருசம் இல்லாதவனை பஸ்ஸிலை ஏத்தினாங்கள்."

அவள் பேசாதிருந்தாள். சிறிது பொறுத்து அவரே தொடர்ந்தார்: "பூனையை வைச்சு மனிசரை விளங்கப்படுத்துறதும் பிழைதான். பூனையைப் பூனையாய்ப் பார். அஞ்சு நாள் பழகினதிலை எனக்குத் தெரிஞ்சது அந்தக் கட்டுரையிலை இல்லை."

இவ்வுரையாடல் நிகழ்ந்த மறுகிழமையில், அஞ்சியது நடந்தது. கீழ்த்தளத்தில் வசிக்கும் தமிழ்க் குடும்பத் தலைவர் படியேறி வந்து, பிள்ளைகள் யன்னலிற் கண்டு 'புலி, புலி' என்று கூவுவதாகவும், சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட காட்டுவிலங்கை வீட்டில் வைத்திருத்தல் எல்லோருக்கும் கரைச்சல் தரும் என்றும் முறையிட்டார். அவரது குரலிலிருந்ததும் ஆசிரியரிடமிருந்த அதே பழைய நடுக்கமே. தம் முகத்தையே கண்ணாடியிற் கண்டவர்போல ஆசிரியர் அவரைப் பார்த்தார். பத்திரத்தைக் காட்டினார், விளக்கினார், வந்தவர் அமைதியடையவில்லை. ஈற்றில் வாயிற் காவலாளி அழைக்கப்பட்டார். அவர் கொலன்னாவைப் பக்கத்தைச் சேர்ந்த முதிய சிங்களவர். பூனையைக் குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டு, "இது ஹந்துன் திவியா இல்லை ஐயா. அதை எனக்குத் தெரியும். இதன் வால் நீளம், கால் மெல்லியது. இது வீட்டில் வளர்கிறது" என்று கொச்சைத் தமிழும் சிங்களமுமாகச் சொன்னார். காவலாளியின் அச்சொல் பத்திரத்தினும் வலிதாயிற்று.

ஹந்துன் திவியா என்று அவர் குறித்தது மீன்பிடிப் பூனையை. சிறுத்தை, காட்டுப்பூனை, துருநிறப் புள்ளிகொண்ட சிறுபூனை ஆகியவற்றோடு, இலங்கையின் நான்கு காட்டுப் பூனையினங்களுள் அதுவும் ஒன்று. சிறுத்தைப் பூனையின் நெருங்கிய உறவினம். குட்டையான வாலும், விரல்களிடையே ஓரளவு தோலிணைப்பும், நீர் புகாத அடர்ந்த உள்மயிரும் அதனை நீர்நிலை வேட்டைக்கு உரியதாக்கியுள்ளன. கரையில் அமர்ந்து முன்னங்காலால் நீரைத் தட்டி மீனை ஈர்க்கும் வழக்கமும் அதற்குண்டு. இவ்விலங்கு தலைநகரின் சதுப்புநிலங்களில் வாழ்வதைப் பலர் அறியார். அன்யா ரத்னாயக்க என்னும் ஆய்வாளர் 2013 முதலாக இவற்றைத் தேடி, தானியங்கிக் கமராக்களை வைத்தும், பிடித்துக் கழுத்துப்பட்டிக் கருவிகளைப் பொருத்தி மீள விட்டும் ஆராய்ந்து வந்துள்ளார். சதுப்பு நிலங்களில் மாத்திரமன்றி, கால்வாய் ஓரங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும்கூட அவை இரவில் உலாவுதல் தெரியவந்தது. 2018 ஒக்டோபரில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 'ஈரநில நகரம்' என்ற தகுதியை முதன்முதலாகப் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. அந்த ஈரநிலங்கள் நிரப்பப்படும்போது, யாரும் பெயர்கூட அறியாத இவ்விலங்கே முதலில் இடமிழக்கும்.

காவலாளி சென்றபின் ஆசிரியர் நெடுநேரம் யன்னலருகே நின்றார். கிருலப்பனைப் பக்கமிருந்து வந்து காலி வீதியின் கீழாகக் கடலில் விழும் கால்வாய், தொடர்மாடிகளுக்கிடையே ஒரு கரும் நாடாவாகத் தெரிந்தது. வீட்டினுள் இருப்பது புலியைப்போற் தோன்றும் பூனை. அதனை எல்லோரும் அஞ்சுகின்றனர். வெளியே, இந்நீர்வழிகளின் எங்கோ ஓரிடத்தில், உண்மையான காட்டுயிர் ஒன்று எவர் கண்ணிலும் படாது மீன்பிடித்து வாழ்கிறது. அதனை எவரும் நினைப்பதில்லை. அஞ்சப்படுவதும் மறக்கப்படுவதும் அறியாமை என்ற ஒன்றன் இரு பக்கங்களே.

இதனாற் கலப்பினப் பூனைகளை வளர்த்தல் குறையற்ற செயலென்று கொள்ளுதல் வேண்டா. தோலின் அழகுக்காகக் காட்டுப் பூனையைக் கூட்டில் அடைத்தே இவ்வினம் தொடங்கியது. முதற் தலைமுறைக் கலப்புக்குட்டிகள் பல வீட்டு வாழ்வுக்கு இணங்காது அல்லலுற்றன. ஆபிரிக்கச் சேர்வலின் கலப்பான 'சவன்னா' பூனை 1986இல் முதன்முதலாகப் பிறந்தது. தன் சிற்றுயிர்களுக்கு அதனால் ஊறு நேருமென அஞ்சி, 2008இல் அவுஸ்திரேலியா அதன் இறக்குமதியைத் தடுத்தது. வலிய உடலும் தேடல் மிக்க மனமும் கொண்ட பூனையை அடுக்குமாடியில் வைத்திருப்போர், அதற்கு ஏற இடமும் விளையாட நேரமும் கொடுத்தல் கடன். ஆசிரியரும் இதனை உணர்ந்தார். நூலடுக்கின் மேற்தட்டைக் காலிசெய்து அதற்குக் கொடுத்தார். நாற்பதாண்டுக்கால விலங்கியற் குறிப்பேடுகள் கட்டிலுக்கடியிற் சென்றன. மாடமுகப்புக்கு வலை அடிக்கப்பட்டது. தெருவில் திரியவிட்டால் அது பறவைகளுக்கும் தெரு அதற்கும் தீங்காகும் என்பது அவர் கருத்து.

ஒரு கிழமை என்று குறித்த தவணை எப்போது கழிந்ததென்று வீட்டில் எவரும் கேட்கவில்லை. பெயர் ஒன்றே தீராதிருந்தது. ஆசிரியர் அதனை 'இஞ்சை வா' என்றே அழைத்து வந்தார். அதுவும் அதற்கு வந்தது.

மார்கழி மாதத்தில் ஒருநாள் மாலை, வலையின் மூலையொன்று அவிழ்ந்திருந்தது. பேர்த்தி வீடு திரும்பியபோது அப்பப்பா வீட்டில் இல்லை, பூனையும் இல்லை. அவள் பதறிப் படியிறங்கி ஓடினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒழுங்கையின் முடிவில், கால்வாய்க் கரையில், குடையும் கைத்தடியுமாக நின்ற அவர், வீதியிற் போவோர் திரும்பிப் பார்க்க, இரு கரைக்கும் கேட்கும்படியாக, "புலிக்குட்டி! புலிக்குட்டி!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தியிருந்த வாகனமொன்றின் கீழிருந்து அது நனைந்தபடி வெளிப்பட்டு, வழக்கமான கனத்த குரலில் மறுமொழி சொல்லிக்கொண்டு அவரை நோக்கி வந்தது.